மலையருவியும் மின்னொளியும்

இலங்கையின் நடு மலைநாட்டிலே, சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த உயர்நிலங்களில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்று மஸ்கெலியா ஓயா. மற்றது கெகெல்கமு ஓயா. தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வளைந்தும் பாறைகளினின்று குதித்தும் இறங்கும் இவ்விரண்டும் பின்னர் ஒன்றுகூடிக் களனி கங்கை என்னும் பெயரோடு கொழும்பின் பக்கத்தே கடலிற் கலக்கின்றன. அவை இறங்கிவரும் படிகளிலே இரண்டு பெரியவை அபர்டீன் அருவியும் லக்சபானா அருவியும் ஆகும். யாத்திரிகர் இந்நீரில் மூழ்கி மலையேறினர். தோட்டத் துரைமார் இதன் கரையிலே பங்களா அமைத்தனர். ஓவியர் இதனைத் தீட்டினர். இது ஒரு நாளில் எத்துணை வேலை செய்ய வல்லது என்று கணக்கிட்டவர் ஒருவர். அவர் பெயர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874ஆம் ஆண்டு காலியிலே பிறந்த விமலசுரேந்திர, கொழும்பிலே தொழில்நுட்பக் கல்வி பெற்று, பொதுவேலைப் பகுதியிலே சேவைக்கமர்ந்தவர். மலைநாட்டு ஆற்றுப்படுகைகளிலே பொன் உண்டா என்று பார்த்துவர அவரை மேலதிகாரிகள் ஒருமுறை அனுப்பினர் என்றும், பொன்னைத் தேடிப் போனவர் அருவியைக் கண்டு திரும்பினார் என்றும் கூறுவர். கதை எத்துணை அழகாயிருப்பினும், அவருடைய எண்ணம் ஒரு நாளில் உதித்ததன்று. 1912ஆம் ஆண்டு, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை அவர் அமைத்தார். நுவரெலியா நகரத்தின் விளக்குகள் அதனால் எரிந்தன. ஆகவே, பின்னர் அவர் பெரியதொன்றைக் கேட்டபோது, வெறுங்கையோடு கேட்கவில்லை. சிறியதைச் செய்து காட்டிவிட்டே கேட்டார்.

உண்மையில், மலைநாட்டு நீரை வேலைக்கு அமர்த்துவது அக்காலத்திலே புதுமையும் அன்று. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை எங்ஙனம் இயங்கியது என்பதை நேயர்கள் சற்று மனக்கண்முன் கொண்டுவருதல் வேண்டும். தொழிற்சாலைக்கு மேலே, மலைச்சரிவில் ஓர் ஓடையைக் கற்கட்டினால் மறிப்பர். அங்கிருந்து சரிவின் விளிம்போடு ஒட்டி ஒரு வாய்க்கால் வரும். வாய்க்கால் முடியுமிடத்தில் ஓர் இரும்புக்குழாய் செங்குத்தாகக் கீழே இறங்கும். குழாயின் அடியிலே சுழலி. வடஇங்கிலாந்தின் கெண்டல் நகரத்துப் பட்டறைகளில் வார்க்கப்பட்ட சுழலிகள் பல, கப்பலிலும் புகைவண்டியிலும் மாட்டுவண்டியிலும் ஏறி, கடைசி மைல்களை மனிதர் தோளிலே கடந்து இத்தோட்டங்களை வந்தடைந்தன. நீர் பாய்ந்து சுழலி சுழன்றதும், நீண்டதொரு தண்டும் தோற்பட்டிகளும் அச்சுழற்சியைக் கொழுந்து உருட்டும் பொறிகளுக்குக் கொண்டு சென்றன. பின்னாளில் அதே தண்டிலே ஒரு சிறு மின்பிறப்பாக்கியையும் பூட்டினர். தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் விளக்கு எரிந்தது. லயங்களிலே குப்பி விளக்கு எரிந்தது. இந்த வேற்றுமையை இங்கே குறித்துவைத்தல் நன்று. பின்னர் இதனிடம் திரும்பிவர வேண்டியிருக்கிறது.

1918ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் முடியும் தறுவாயில், இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னே விமலசுரேந்திர ஓர் ஆய்வுரையை வைத்தார். இலங்கையில் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் அதன் பொருள். மஸ்கெலியா ஓயா, கெகெல்கமு ஓயா ஆகிய இரண்டிலுமிருந்து மட்டும் ஒரு லட்சம் குதிரைவலுவுக்கு மேற்பட்ட ஆற்றலைப் பெறலாம் என்று அவர் கணக்குக் காட்டினார். அக்காலத்து இலங்கைக்கு இது நம்பற்கரிய தொகை. கொழும்பில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மின்விளக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அது கோட்டைப் பகுதியையும் சில செல்வர் இல்லங்களையும் டிராம் வண்டியையும் தாண்டிப் பெரிதும் சென்றதில்லை. அந்த மின்சாரமும் கடல்கடந்து வந்த எரிபொருளிலே பிறந்தது.

அவர் சொன்னதை மறுத்தவர்கள் யாவரும் அறிவிலிகள் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டு. இத்தனை மின்சாரத்தை வாங்குவோர் யார்? இதற்கு வேண்டிய பணம் எங்கே? முதற் கேள்விக்கு விடை எளிது: மின்சாரம் இல்லாத ஊரிலே மின்சாரத்தை வாங்குவோர் எங்ஙனம் இருப்பர்? பாதை போட்ட பின்னரன்றோ வண்டி ஓடும்! இரண்டாவது கேள்விதான் கடினமானது. அன்றும் கடினமாயிருந்தது, இன்றும் அவ்வாறே இருக்கிறது.

நீர்வலுவின் பொருளாதாரம் ஒரு விசித்திரமான பொருளாதாரம். எண்ணெயால் இயங்கும் நிலையத்தை நிறுவுவதற்கு ஒப்பளவிற் சிறுதொகை போதும். எண்ணெயின் விலையையோ, நிலையம் இயங்குங்காலமெல்லாம் கட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். நீர்நிலையத்தில் இது தலைகீழாகிறது. மழைக்கு விலையில்லை, ஆற்றுக்கு வரியில்லை. ஆனால் அணையும் சுரங்கவழியும் குழாயும் சுழலியும், முதற்றுளி மின்சாரம் பிறக்குமுன்னரே முழுப்பணத்தையும் கேட்கின்றன. வரும் நாற்பது ஐம்பது ஆண்டுகளின் எரிபொருட் செலவை ஒரே நாளில் எண்ணி வைப்பதற்கு இது ஒப்பாகும். செல்வமுள்ள நாடு அங்ஙனம் எண்ணி வைக்கும். கையிற் பணமில்லாத நாடு, நாளை கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தும், இன்று குறைவாகக் கேட்பதையே தேர்ந்துகொள்ளும். சில்லறைக் கடையிலே நாட்கூலிக்காரன் அரிசியை மூட்டையாக வாங்காமற் கொத்தாக வாங்குவதும் இதே காரணத்தினாலேதான். மூட்டை மலிவு என்பது அவனுக்குத் தெரியாததன்று.

குடியேற்ற நாட்டு அரசாங்கமும் அவ்வாறே நடந்தது. 1924ஆம் ஆண்டு லக்சபானாவிலே வேலை தொடங்கியது. 1927ஆம் ஆண்டு, நிதியில்லை என்று அது நின்றது. இரண்டாண்டு கழித்து, 1929இல், கொழும்புக்கருகே கொலன்னாவையில் எரிபொருளால் இயங்கும் நிலையம் ஒன்று எழுந்தது. தேசாதிபதி சர் ஹேர்பேட் ஸ்ரான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே 1929இல் விமலசுரேந்திர சேவையினின்றும் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற பொறியியலாளர்கள் தோட்டம் வைப்பர், பேரக்குழந்தைகளோடு காலங்கழிப்பர். இவரோ தேர்தலில் இறங்கினார். டொனமூர் அரசியலமைப்பின் கீழ், வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியிலே நின்று வென்று, அரசாங்க சபைக்குட் புகுந்தார். கோவைகளுக்குள்ளே புதைந்துகிடந்த திட்டத்தை அவர் அச்சபையிலே உரத்துப் பேசினார். நிதியின்மை என்று சொல்லப்பட்டது உண்மையில் விருப்பமின்மைதானா என்பது குறித்து வரலாற்றாசிரியர் வேறுபடலாம். இரண்டும் கலந்திருந்தன என்று கொள்வதே பொருத்தம். 1930களின் தொடக்கத்திலே உலகப் பொருளாதார மந்தம் தேயிலையையும் இறப்பரையும் ஒருங்கே வீழ்த்தியிருந்தமையும் மறக்கற்பாலதன்று.

1936இல் போக்குவரத்து, வேலை மந்திரியாக வந்த சேர் ஜோன் கொத்தலாவலை திட்டத்தை மீண்டும் கையிலெடுத்தார். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. போரிலே ஈடுபட்ட நாடுகள் பீரங்கி வார்த்துக்கொண்டிருக்கையில் இலங்கைக்குச் சுழலி வார்த்துக்கொடுக்க யார் இருந்தனர்? இறுதியில், நாடு விடுதலை பெற்று இரண்டாண்டுகளுக்கு மேலான பின்னர், 1950ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், லக்சபானாவின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. மூன்று பொறிகள், 25,000 கிலோவாற்று. எண்ணம் ஏட்டிலேறி 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. விமலசுரேந்திரவுக்கு அப்பொழுது வயது 76. அதன் பின் அவர் மூன்றாண்டுகூட வாழ்ந்தாரல்லர். 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காலமானார்.

வாங்குவோர் யார் என்ற கேள்வி சில ஆண்டுகளிலேயே விடை கண்டது. 1958இல் மேலும் 25,000 கிலோவாற்று கூட்டப்பட்டது. 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜிலே விமலசுரேந்திரவின் பெயரால் இன்னொரு நிலையம் வந்தது. 1969இல் பொல்பிட்டியா, 1974இல் புதிய லக்சபானா, 1983இல் கனியன் என அடுத்தடுத்து நிலையங்கள் எழுந்தன. இவை அமைந்துள்ள முறை கவனிக்கத்தக்கது. காசல்ரீ நீர்த்தேக்கத்தினின்று இறங்கும் நீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றுகிறது. நோர்ட்டன் அணையிலே தங்கி, சுரங்கவழியே சென்று பழைய லக்சபானாவைச் சுழற்றுகிறது. மீண்டும் மறிக்கப்பட்டு மலையைத் துளைத்துப் பொல்பிட்டியாவைச் சுழற்றுகிறது. ஒரே நீர் மூன்று முறை கூலிவேலை செய்த பின்னரே கடலுக்குப் போக அனுமதி பெறுகிறது. அன்று மிகையென்று கருதப்பட்ட ஒரு லட்சம் குதிரைவலு ஏறத்தாழ 75,000 கிலோவாற்று ஆகும். அவ்விரு ஆறுகளிலும் பின்னர் நிறுவப்பட்ட நிலையங்களின் திறன் 3,00,000 கிலோவாற்றுக்கு மேல்!

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் ஆழ்ந்தது. கடைகளும் வீடுகளும் மேட்டிலே புதிதாக எழுந்த நகரத்துக்குப் பெயர்ந்தன. கோயிலையும் விகாரையையும் பள்ளிவாசலையும் கல்லோடு பெயர்த்துச் செல்லுதல் இயலவில்லை. மழை பொய்த்து நீர் வற்றும் ஆண்டுகளில் அவை சேற்றோடு வெளியே தலைகாட்டுகின்றன. மக்கள் கூட்டங்கூட்டமாக இறங்கிப்போய்த் தம் பெற்றோர் வணங்கிய வாயிற்படியைத் தொட்டு வருகின்றனர். நாட்டின் மின்நிலையங்களுக்கு நீரில்லாக் காலமே அவர்களுக்குத் திருவிழாக் காலமாய் அமைகிறது.

தோட்டத் தொழிலாளரின் லயங்களைப் பற்றியும் கூறல் வேண்டும். சுரங்கவழி வெட்டிய மலைகளின் மேலேயே அவர்கள் கொழுந்து பறித்தனர். லக்சபானாவிலிருந்து கொழும்புக்குச் செல்லும் உயரக் கம்பிகள் அவர்களுடைய கூரைகளுக்கு மேலாகவே சென்றன. ஆயினும் அக்கூரைகளின் கீழே பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. கம்பிக்கு அருகே வாழ்வதும் மின்சாரத்துக்கு அருகே வாழ்வதும் ஒன்றல்ல. லயம் தோட்டத்தின் உடைமை. அதிலே வாழ்பவனுக்கு வீட்டுரிமை இல்லை. தன் பெயரில் இணைப்புக் கேட்கும் வழியும் அவனுக்கு எளிதாயில்லை. நாடு முழுவதற்கும் மின்னொளி பரவிய காலத்திலும், தோட்டப்பகுதி நகரத்துக்கும் கிராமத்துக்கும் பின்னாலேயே நின்றது. இத்தடையைப் பொறியியலாளர் எவரும் தம் வரைபடத்திலே குறித்ததில்லை. நீர்வலுவின் வரலாற்றை எழுதுவோரிற் பலரும் இதனைக் குறித்ததில்லை.

தோட்டத்துச் சிறு சுழலிகளுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. பெரிய நிலையங்களிலிருந்து மலிவான மின்சாரம் வந்ததும், வாய்க்காலைத் துப்புரவு செய்து சுழலிக்கு எண்ணெய் இடுவது வீண்வேலையாகத் தோன்றிற்று. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் கவனிப்பார் இன்னும் குறைந்தனர். குழாய்கள் துருப்பிடித்தன, வாய்க்கால்களிலே மரங்கள் முளைத்தன. பின்னர் எண்ணெய் விலை ஏறியதும் அவற்றின் அருமை நினைவுக்கு வந்தது. 1990களின் நடுப்பகுதி முதல் தனியாரும் சிறு நீர்நிலையங்களை அமைத்து மின்சார சபைக்கு விற்கத் தொடங்கினர். அதே காலத்தில் சப்பிரகமுவக் குன்றுகளிலே கிராமத்தவர் சங்கம் அமைத்து, தாமே ஓடையை மறித்து, சில வீடுகளுக்கு ஒளி தரும் குட்டி நிலையங்களை நிறுவினர். பெருங்கம்பி ஊருக்குள் வந்ததும் அவற்றுட் பலவும் கைவிடப்பட்டன. பாட்டன் சுழலிக்கு நேர்ந்த கதி பேரன் சுழலிக்கும் நேர்ந்தது!

மழையை நம்பிய வாழ்வுக்கு மழையே தடையாகவும் கூடும். மகாவலித் திட்டத்தின் கீழ் 1985இல் விக்ரோறியா, கொத்மலை ஆகிய பெருநிலையங்கள் இயங்கத் தொடங்கிய பின்னர், 1990களின் தொடக்கத்திலே நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே வந்தது. உலகில் மிகச்சில நாடுகளே இத்தகைய பெருமையைப் பெற்றிருந்தன. 1996இல் வானம் பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வறண்டன, மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையிலே வைத்தமையின் விலை அன்று தெரிந்தது. அதன் பின் எண்ணெய் நிலையங்கள் பெருகின. 2011 முதல் 2014 வரை நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 900 மெகாவாற்று.

மின்வெட்டு என்று தென்னிலங்கை முறையிட்ட அந்த 1990களில், வடக்கே வெட்டுதற்கு மின்சாரமே இருக்கவில்லை. போரினால் யாழ்ப்பாணக் குடாநாடு நாட்டின் பெருங்கம்பியினின்றும் பல ஆண்டுகள் துண்டிக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, மின்கலத்துக்குத் தடை. அக்காலத்திலே துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, அதன் டைனமோவிலே பிறந்த மின்சாரத்தில் மற்றவர் வானொலி கேட்டனர். செய்தி முடியும்வரை கை ஓயலாகாது. ஓய்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் ஓயும். புதுப்பிக்கத்தக்க சக்தி என்று நூல்கள் எழுதுவதை, அதன் மிகப் பழைய வடிவத்திலே, குடாநாட்டு மக்கள் தம் தோளிலே அறிந்தனர். எரிபொருள் வேறொருவர் கையிலிருப்பதன் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பொருளை நாடு முழுவதும் உணர்ந்தது 2022ஆம் ஆண்டிலே. அந்நியச் செலாவணி தீர்ந்துபோயிற்று. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. முதலிலே குறைவாகக் கேட்டு, காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் எரிபொருள், கொடுக்க இயலாத நாளிலும் கேட்டது. 1918இலே கணக்கெழுதியவர் எச்சரித்த செலவு அதுவேயாகும்.

இப்பொழுது காற்றும் வெயிலும் பேசப்படுகின்றன. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல் வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வகுத்தது. மன்னார்த் தீவின் தென்கரையிலே மின்சார சபையின் காற்றாலைகள் 30 நிற்கின்றன. பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை சுழலும் வேகம் கண்கொள்ளாக் காட்சி. மேலும் காற்றாலைகள் வருமென்ற செய்தி மன்னாரிலே மகிழ்ச்சியை மட்டும் விளைவிக்கவில்லை. கடலோரத்து மீனவரும், வலசைப் பறவைகளின் வழியை அறிந்தோரும், மழைநீர் வடிந்தோடும் பாதை அடைபடுமென்று அஞ்சுவோரும் 2025இலே அங்கே எதிர்ப்புக் காட்டினர். பழைய மஸ்கெலியாவின் மக்களைக் கேட்காதது போல இவர்களையும் கேட்காதிருத்தல் இனி எளிதன்று.

வெயிலின் தடை வேறு வகையானது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை. வானத்து ஞாயிறும் குறைவின்றிக் காய்ந்தது. தொழிற்சாலைகள் மூடியிருந்தன. கூரைமேற் பலகைகளிலிருந்து மின்சாரம் பெருகி வர, அதனை உண்பாரோ குறைவு. முற்பகலிலே பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு கம்பிகளிடையே அகப்பட்டது. தீவு முழுவதும் இருண்டது. குரங்கின்மேற் பழிபோட்டுச் சிரித்தவர் பலர். ஆயினும் குரங்கு தீக்குச்சி மாத்திரமே. நீர்நிலையத்திலும் நிலக்கரி நிலையத்திலும் பல தொன் எடையுள்ள இரும்புச் சுழலிகள் சுழன்றுகொண்டிருக்கும். ஓரிடத்திலே திடீரெனக் குலுக்கம் நேர்ந்தால், அவற்றின் கனமே அதைச் சில கணங்கள் தாங்கிக்கொள்ளும். வெயிற்பலகையிலே சுழல்வது எதுவுமில்லை. ஆகவே தாங்குவதற்கும் எதுவுமில்லை. கனமான சுழலிகள் குறைவாகவும் பலகைகள் மிகுதியாகவும் இருந்த ஒரு வேளையிலே அக்குலுக்கம் நேர்ந்தது.

இதற்கு மாற்றாகப் பொறியியலாளர் சொல்லுவது மீண்டும் மலையும் நீருமே. கேகாலை மாவட்டத்து அரநாயக்காப் பகுதியில், மகா ஓயாத் திட்டம் என்னும் பெயரால், 600 மெகாவாற்றுத் திறனில் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று. நண்பகலில் உண்பாரற்ற வெயில்மின்சாரத்தைக் கொண்டு கீழுள்ள நீரை மேலே ஏற்றி வைப்பது. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் அந்நீரை இறக்கிச் சுழலியைச் சுற்றுவது. வேலை செய்து முடித்த நீரை மீண்டும் மேலேற்றி, மறுநாளும் அதையே வேலைக்கு அமர்த்தும் உபாயம் இது. எரிபொருட் செலவு இதற்கும் இல்லை. பணம் முழுவதும் முதலிலேயே வேண்டும்.